ஊரடங்கில் குதிரைக்கு யார் தீனி போடுவது?

கேட்கப்பட்டது இது: "கொரோனா மாதிரி ஒரு பெருந்தொற்று வந்தால் குதிரை வைத்திருப்பவர்கள் என்ன பாடுபடுவார்கள்? குதிரைக்கும் நோய் தொற்றுமா? முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?"

நடுவில் இருக்கும் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், பதில் சின்னது. கோவிட் வைரஸ் குதிரைகளை நோயில் தள்ளவில்லை. கலிஃபோர்னியாவில் பந்தயக் குதிரைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது சிலவற்றில் அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. கூடவே இருக்கும் மனிதர்களிடமிருந்து வைரஸ் எட்டிப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். குதிரைகளுக்கென்று தனியாக ஒரு கொரோனா வைரஸ் உண்டு. காய்ச்சல், தீனி எடுக்காமை, சில சமயம் கழிச்சல் என்று வரும். அது மனிதருக்கு வராது. பெயர் ஒற்றுமையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆக, குதிரையை வாட்டியது வைரஸ் கிடையாது. தீவனம் கொண்டு வருபவர், லாடம் கட்டுபவர், கால்நடை மருத்துவர், சவாரிக்குக் காசு கொடுப்பவர் என்று ஒரு குதிரையைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். ஊரடங்கு அவர்களை ஒரே நாளில் விலக்கிவிட்டது. 2020இல் குதிரைகளுக்கு நேர்ந்தது எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறது.

பைக்கை கவர் போட்டு மூடி ஆறு மாதம் நிறுத்தி வைக்கலாம். குதிரையை அப்படி நிறுத்த முடியாது. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு, உலர்ந்த தீவனமாகக் கணக்குப் பார்த்தால் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வேண்டும். அதாவது நாளுக்கு 6 முதல் 8 கிலோ உலர்ந்த புல். பச்சைப்புல் என்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 30 கிலோவையும் தாண்டும். குடிக்க 25 லிட்டருக்குக் குறையாத தண்ணீர், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். அதுவும் ஒரே வேளையில் கொட்டிவிட்டுப் போக முடியாது. உடம்பு பெரிதே தவிர குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். பல மணி நேரம் காலியாகக் கிடந்தால் புண் வரும். மாடு மாதிரி அசை போடும் வசதியும் இல்லை, வாந்தி எடுக்கவும் முடியாது. தப்பானதைத் தின்றுவிட்டால் கோலிக் என்னும் வயிற்றுவலி வந்து, சில சமயம் ஒரே ராத்திரியில் உயிர் போய்விடும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவிக் கட்டாவிட்டால் காலின் கோணமே மாறிப்போகும்.

இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. முதல் ஆணையிலேயே கால்நடை மருத்துவமனைகளுக்கும் தீவனக் கடைகளுக்கும் விலக்கு இருந்தது. விலங்குகளைப் பட்டினி போட்டுவிடாதீர்கள் என்று இந்திய விலங்குகள் நல வாரியமும் மாநிலங்களுக்கு எழுதியது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் தீவனக் கடை திறந்திருந்தாலும் அங்கே சரக்கு கொண்டுவர லாரி வேண்டும், லாரிக்கு டிரைவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குபவர் கையில் காசு வேண்டும்.

அந்தக் காசில்தான் குதிரைக்காரர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துபோனார்கள். குதிரை சம்பாதித்துத் தானும் தின்று குடும்பத்துக்கும் சோறு போடுவது ஒரு வகை. ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரி விடுபவர்கள், மெரினாவில் குதிரையோடு நிற்பவர்கள், கொல்கத்தா விக்டோரியா நினைவிடத்துக்கு முன்னால் சாரட்டு ஓட்டுபவர்கள், வடக்கே கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புபவர்கள், யாத்திரைத் தலங்களில் பக்தர்களைச் சுமக்கும் மட்டக்குதிரைக்காரர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். இன்னொரு வகையில் சொந்தக்காரரின் சம்பளம் குதிரைக்குச் சோறு போடும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் அப்படித்தான். முதல் வகைக்கு ஊரடங்கு வந்த அன்றே வருமானம் பூஜ்யம்.

ஊட்டியின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சவாரிக்காரருக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு ஏப்ரல், மே மாத சீசனில்தான் வரும். மழைக்காலத்தில் சும்மா நிற்கும் குதிரைக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் தீனி. சரியாக அந்த சீசன்தான் அடிபட்டது. சாதாரண நாளிலேயே ஊட்டித் தெருக்களில் குதிரைகள் அவிழ்த்துவிடப்பட்டுக் குப்பைத்தொட்டியை மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். தீனிக்கு வழியில்லாதபோது பலருக்குத் தெரிந்த ஒரே வழி அது. பிளாஸ்டிக் பையை விழுங்கிக் குடல் அடைத்துச் சாவது அதன் விலை. சென்னையில் மெரினா கடற்கரை 2020 டிசம்பர் 14 அன்றுதான் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறக்குறைய ஒன்பது மாதம் மணலில் சவாரி கேட்க ஒரு குழந்தை கூட வரவில்லை. வைஷ்ணோ தேவி கோயில் மார்ச் 18 முதல் ஆகஸ்ட் 16 வரை மூடியிருந்தது. அந்த ஆண்டு அமர்நாத் யாத்திரையே நடக்கவில்லை. மலைப்பாதையில் ஆளையும் மூட்டையையும் சுமந்து பிழைக்கும் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் இது என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழில் ஏற்கெனவே நொடித்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012இல் இந்தியாவில் சுமார் 6.25 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019இல் அது 3.4 லட்சம். கொரோனா வருவதற்கு முன்பே பாதியை நெருங்கும் அளவுக்குக் குறைந்துவிட்டது. கையிருப்பு என்று எதுவும் இல்லாதவர்கள் மீதுதான் ஊரடங்கு வந்து விழுந்தது.

உதவி வந்தது, மறுக்கவில்லை. பல ஊர்களில் தன்னார்வலர்கள் தீவன மூட்டையோடு போனார்கள். ஆனால் நல்ல மனசு மட்டும் குதிரைக்குப் போதாது. மிஞ்சிய சோறு, ரொட்டி, கல்யாணச் சாப்பாடு எல்லாம் குதிரை வயிற்றுக்கு ஆபத்து. மாவுச்சத்து திடீரென்று பெருங்குடலுக்குப் போய்ப் புளித்தால் கோலிக் வரும், குளம்புக்குள் வீக்கமும் வரும். தவிட்டு மூட்டை மலிவு, வயிறும் நிறையும், ஆனால் அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் தவிடே முக்கியத் தீனி என்றால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து முகத்தின் எலும்பு புடைத்துக்கொள்ளும். மாட்டுக்காக வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் இதில் சேர்த்தி. அதிலுள்ள ஆக்சலேட், இருக்கிற கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாது. மாட்டின் இரைப்பை அதைச் சமாளித்துவிடும், குதிரையால் முடியாது. குதிரைக்கு உதவ நினைப்பவர்கள் அருகம்புல், உலர்ந்த புல், கொஞ்சம் குதிரைமசால் என்னும் தீவனப்பயிர் என்று கொடுத்தால் அதுவே பெரிய தருமம்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே குதிரை வைத்திருப்பவர்களில் பலர் சொந்த இடம் இல்லாதவர்கள். லிவரி என்று சொல்லப்படும் வாடகை லாயத்தில் குதிரையை விட்டுவிட்டு, காலையும் மாலையும் போய்த் தாங்களே தீனி போட்டு, சாணி அள்ளி, சவாரி செய்துவிட்டு வருவார்கள். 2020 மார்ச் 23 அன்று அங்கே ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, விலங்கைப் பராமரிக்கப் போவதற்குத் தடை இல்லை. ஆனால் ஒரு லாயத்துக்கு இருபது சொந்தக்காரர்கள் வந்து ஒரே வாளியையும் ஒரே கதவுத் தாழ்ப்பாளையும் தொட்டால் என்ன ஆகும்? அதனால் பல லாயக்காரர்கள் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம், யாரும் வர வேண்டாம்" என்று கதவை மூடிவிட்டார்கள். வேறு சில இடங்களில் முறை வைத்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று விட்டார்கள். வாரக்கணக்கில் தன் குதிரையைப் பார்க்க முடியாமல் தவித்தவர்கள் நிறையப் பேர். இதெல்லாம் பணக்காரர்களின் கவலை என்று தோன்றலாம். ஆனால் நாள் முழுக்க வேலை பார்த்துக்கொண்டு, வாடகையையும் கட்டி, குதிரையை மட்டுமே துணையாகக் கொண்டவர்களும் அதில் உண்டு.

சவாரி செய்யலாமா என்பது அங்கே பெரிய சண்டையாகவே ஆனது. சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கீழே விழுந்து எலும்பு முறிந்தால் ஏற்கெனவே திணறும் மருத்துவமனைக்கு இன்னொரு சுமை என்பதால், முடிந்தவரை சவாரியைத் தவிர்க்கும்படி பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் கேட்டுக்கொண்டது. என் கருத்தில் அது நியாயமான வேண்டுகோள். கால்நடை மருத்துவர்களும் முதல் வாரங்களில் அவசரத்துக்கு மட்டும் வந்தார்கள். வழக்கமான தடுப்பூசி, பல் ராவுதல் எல்லாம் தள்ளிப்போயின. லாடக்காரர்கள் எந்தக் குதிரைக்குக் கட்டாயம் தேவை என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள். வேலை இல்லாத பல குதிரைகளுக்கு லாடத்தையே கழற்றிவிட்டு வெறுங்காலோடு விட்டார்கள். அது பல குதிரைகளுக்கு நல்லதாகவே போனது.

உண்மையில் அதிகம் மாட்டிக்கொண்டவை சவாரிப் பள்ளிகள். இருபது முப்பது குதிரைகள் இருக்கும், கற்றுக்கொள்ள வருபவர் ஒருவரும் இல்லை. பிரிட்டிஷ் அரசு வேலையில்லாத ஊழியர்களுக்கு 80 சதவீதச் சம்பளத்தை மாதம் 2,500 பவுண்டு வரை கொடுத்தது. நல்ல திட்டம்தான், ஆனால் அந்தப் பணத்தை வாங்கும் ஊழியர் முதலாளிக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. துணிக்கடைக்கு அது சரி. குதிரை லாயத்தில் ஊழியர் வீட்டில் உட்கார்ந்தால் சாணியை யார் அள்ளுவது? சம்பளத்தைத் தாங்களே கொடுத்து ஆளை வைத்துக்கொள்வதா, உதவியை வாங்கிக்கொண்டு முப்பது குதிரையையும் குடும்பமே பார்ப்பதா என்று பள்ளி நடத்துபவர்கள் திண்டாடினார்கள். ஜூலையில் பகுதி நேர வேலைக்கு அனுமதி வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சவாரி கற்றுத்தரும் மையங்களும் மூடிக் கிடந்தன. அதில் குதிரையைவிடக் குழந்தைகளுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

பந்தயத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பணம் இருக்கும் இடத்தில் குதிரை பட்டினி கிடப்பதில்லை. பிரிட்டனில் மார்ச் 18 முதல் மே முடியும்வரை பந்தயம் நின்றது, ஜூன் 1 அன்று பார்வையாளர் இல்லாமல் மறுபடி தொடங்கியது. மே முதல் சனிக்கிழமை நடக்கும் கென்டக்கி டெர்பி செப்டம்பர் 5க்குப் போனது.

சும்மா நிற்கும் குதிரைக்கு வரும் வியாதி ஒன்று உண்டு. பசியால் வருவதைப் போலவே, பாசத்தால் வருவது. வேலை இல்லை, ஆனால் கொள்ளும் தானியமும் பழைய அளவிலேயே போகிறது. பிறகு ஒரு நாள் திடீரென்று வேலைக்கு எடுக்கிறார்கள். சில நிமிடங்களில் பின்தொடைத் தசை கட்டையாக இறுகி, வியர்த்துக் கொட்டி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். தசை சிதைந்து அதன் சாயம் சிறுநீரகத்துக்குப் போவதன் அடையாளம் அது. அந்த நிலையில் குதிரையை ஓர் அடி கூட நடத்தக் கூடாது, நின்ற இடத்திலேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் முழுத் தீனியும் கிடைத்த வண்டிக்குதிரைகளுக்குத் திங்கள் காலையில் இது வரும் என்று அந்தக் காலத்து வண்டிக்காரர்களுக்கே தெரியும். இங்கிலாந்தில் ஊரடங்கு வசந்த காலத்தில் வந்ததால் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. சர்க்கரை ஏறிய இளம்புல்லில் வேலையில்லாத குட்டைக்குதிரைகள் மேய்ந்து கொழுத்தால் குளம்புக்குள் அழற்சி வரும். அந்த வலியில் குதிரை முன்னங்காலை ஊன்றவே பயப்படும்.

மற்ற நோய்களும் ஊரடங்கு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. 2020 மார்ச்சில் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசிமா மாகாணத்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் வந்தது. அந்த நாட்டில் அதற்கு முன் பார்த்திராத நோய். கடிக்கும் சின்னஞ்சிறு ஈக்கள் பரப்பும், வந்த குதிரைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். 500க்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. மனிதர்கள் முகக்கவசம் தேடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் குதிரைக்காரர்கள் லாயத்தைச் சுற்றி வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் விமானமே நின்றுபோயிருந்த ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து தடுப்பூசியை வரவழைத்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் தடை தாண்டும் போட்டிக்கு வந்த குதிரைகளிடையே ஹெர்பிஸ் வைரஸ் பரவி நரம்பைத் தாக்கியது. நிற்க முடியாத குதிரைகளைப் பட்டை கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது. 18 குதிரைகள் இறந்தன. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஏப்ரல் 11 வரை சர்வதேசப் போட்டிகள் நிறுத்தப்பட்டன.

ஒரு விதத்தில் குதிரைக்காரர்களுக்குத் தனிமைப்படுத்தல் என்பது புதிதல்ல. 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்குள் குதிரைக் காய்ச்சல் நுழைந்தபோது நாடு முழுக்க குதிரை நடமாட்டத்தையே தடை செய்தார்கள். காட்சிக்கும் போட்டிக்கும் குதிரையோடு போனவர்கள் அங்கேயே வாரக்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். சுமார் 10,000 பண்ணைகளில் நோய் பரவியும் அந்த ஆண்டு முடிவதற்குள் ஒழித்துக்கட்டினார்கள். இன்னும் பின்னால் போனால் 1872. டொரன்டோ பக்கம் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் சில மாதங்களில் வட அமெரிக்கா முழுக்கப் பரவியது. செத்தவை குறைவுதான், ஆனால் ஒரே சமயத்தில் குதிரைகளெல்லாம் படுத்துவிட்டன. டிராம் ஓடவில்லை, சரக்கு நகரவில்லை. அந்த நவம்பரில் பாஸ்டன் நகரம் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டிகளை மனிதர்கள் கையால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். 2020இல் மனிதன் முடங்கிக் குதிரை தவித்தது, அங்கே தலைகீழாக நடந்தது.

ஐவர்மெக்டின் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். குதிரைக்குக் குடற்புழு நீக்கும் பசை மருந்து அது. 2021இல் அமெரிக்காவில் கோவிடுக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட, ஜனங்கள் குதிரை மருந்தை வாங்கித் தின்ன ஆரம்பித்தார்கள். அரை டன் எடைக்கான அளவு ஒரே குழாயில் இருக்கும். "நீங்கள் குதிரை இல்லை, மாடும் இல்லை" என்று அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே ட்விட்டரில் எழுத வேண்டி வந்தது. உண்மையான குதிரைக்காரர் கடைக்குப் போனால் அலமாரி காலி. குதிரை வைத்திருப்பதற்குச் சான்று காட்டினால்தான் தருவோம் என்று சில கடைகள் கறார் காட்டின. அதே சமயம் குதிரையால் மனிதருக்கு நன்மையும் விளைந்தது. வைரஸின் ஒரு புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்துக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து அர்ஜென்டினாவில் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் அதே பழைய முறை.

சரி, முன்கூட்டியே என்ன செய்யலாம்? எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். தீவனத்தில் ஒரு மாதக் கையிருப்பு. 400 கிலோ குதிரைக்கு அது சுமார் 240 கிலோ உலர்ந்த புல். தரையில் போடாமல் பலகைமேல் அடுக்கி மழைச்சாரல் படாமல் வைக்க வேண்டும், பூஞ்சை பிடித்த புல் நுரையீரலைக் கெடுக்கும். வேலை நின்ற அன்றைக்கே கொள்ளையும் தானியத்தையும் பாதியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள், பிறகு இன்னும் குறையுங்கள். புல் வகையை மாற்ற வேண்டி வந்தால் ஒரு வாரம் பத்து நாளில் கலந்து கலந்து மாற்றுங்கள். வேறு வழியில்லாமல் வைக்கோல் போட்டால் அதை மட்டுமே போடாதீர்கள், தண்ணீர் தாராளமாக வையுங்கள். டெட்டனஸ் ஊசியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். குதிரையைப் போல டெட்டனஸுக்கு எளிதில் பலியாகும் வளர்ப்பு விலங்கு வேறு இல்லை, காலில் ஓர் ஆணி குத்தினால் போதும்.

அதைவிட முக்கியம், உங்கள் குதிரையைக் கையாளத் தெரிந்த இன்னும் இரண்டு பேர். நீங்கள் மருத்துவமனையில் படுத்துவிட்டால் அது யார் கையில் தின்னும்? லாயக் கதவில் ஓர் அட்டை மாட்டுங்கள். எத்தனை வேளை, என்ன தீனி, எவ்வளவு, எந்தப் பக்கம் நின்றால் உதைக்கும், மருத்துவர் எண், லாடக்காரர் எண், கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி. உங்களைத் தொடர்புகொள்ள முடியாத நேரத்தில் குடல் முறுக்கிக் குதிரை துடித்தால் எவ்வளவு செலவு வரை செய்யலாம், வலியிலிருந்து விடுவிப்பதென்றால் அந்த முடிவை யார் எடுக்கலாம் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மருத்துவரிடம் கொடுத்து வையுங்கள். எழுதக் கை வராது, ஆனால் எழுதாவிட்டால் அந்த விலங்குதான் மணிக்கணக்கில் வலியில் கிடக்கும். லாடக்காரர் வரும்போது பக்கத்தில் நின்று, தளர்ந்த லாடத்தைக் குளம்பு உடையாமல் கழற்றுவதையும் அரத்தால் ஓரத்தை உருட்டுவதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

சவாரி விட்டுப் பிழைப்பவர்களுக்கு இந்த அறிவுரையெல்லாம் பாதிதான் உதவும். நாளைய தீனிக்கு இன்றைய சவாரியை நம்பி இருப்பவரிடம் ஒரு மாதக் கையிருப்பு வை என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஊர்களில் குதிரைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, சீசனில் சவாரிக்கு இவ்வளவு என்று ஒதுக்கிப் பொதுத் தீவனக் கிடங்கு வைப்பதும், உள்ளூர் நிர்வாகம் உரிமம் கொடுக்கும்போதே குதிரைகளின் பட்டியலைக் கால்நடைத் துறையிடம் கொடுத்துவைப்பதும்தான் வழி. எத்தனை குதிரை, எங்கே நிற்கிறது என்ற கணக்கு இருந்தால் நிவாரணத் தீவனம் சரியான லாயத்துக்குப் போய்ச் சேரும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊரடங்கில் கையில் நேரமும் மிச்சப் பணமும் இருந்தவர்கள் குதிரை வாங்கக் கிளம்பி விலை ஏறியது. அப்புறம் அலுவலகம் திறந்தது, 2022இல் புல்லும் எரிபொருளும் விலை ஏறியது, குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று காப்பகங்களுக்கு அழைப்பு கூடியது. பெருந்தொற்றுக் காலத்தில் முதல் குதிரை வாங்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

கடைசியாக, கட்டுப்பாடு தளர்ந்ததும் குதிரையை நேராகச் சவாரிக்கு இழுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் சும்மா நின்றிருந்தால் முதல் இரண்டு வாரம் நடை மட்டும், 20 நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். மூன்றாவது வாரத்திலிருந்து கொஞ்சம் பெருநடை, அதாவது நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட வேகம். ஓட்டம் ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு. தசை சீக்கிரம் தேறிவிடும், தசைநாண் அவ்வளவு சீக்கிரம் தேறாது. சேணத்தையும் சரிபாருங்கள், மெலிந்தோ கொழுத்தோ போன முதுகில் பழைய சேணம் புண் பண்ணும்.